சிறை வாசலில் உடல் பரிசோதனை: யார் செய்வது, எப்போது செய்வது?

நீதிமன்ற வேலை முடிந்து, வண்டி கிடைத்து, காகிதங்களைச் சரிபார்த்து ஆட்கள் சிறைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். பகல் டாக்டர் கிளம்பியிருப்பார். வாசலை ஒட்டிய அறையில் ஒரு மேசை, ஒரு பதிவேடு, கைரேகை எடுக்கும் மை. வரிசையில் ஏழெட்டுப் பேர். மேசைக்குப் பின்னால் இருப்பவர் தலை நிமிராமல் கேட்பார். "உடம்புக்கு ஏதாவது இருக்கா?" "இல்லை." "மாத்திரை?" "இல்லை." "தற்கொலை எண்ணம்?" அதற்கும் "இல்லை." அடுத்த ஆள்.

சிறை மருத்துவப் பிரிவில் வேலை பார்த்த நாட்களில் இந்தப் படிவங்களை மறுநாள் காலையில் கட்டுக்கட்டாகப் புரட்டியிருக்கிறேன். எல்லா வரிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே "இல்லை". சிலவற்றில் அதைக்கூட எழுதாமல் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அப்படிக் கோடு போட்ட படிவத்துக்குரிய ஆள் ஒருவர், நான் அதைக் கையில் வைத்திருந்த நேரத்தில் வலிப்பு வந்து தரையில் கிடந்தார். தினமும் குடித்தவர், திடீரென்று நின்றுபோனதால் வந்த வலிப்பு. குடியைப் பற்றிய கேள்வி படிவத்தில் இருக்கத்தான் செய்தது.

அதனால் சிறைக்குள் நுழைகிறவர்களுக்கு உடல்நலப் பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குள் நான் போகப்போவதில்லை. எல்லாச் சிறைகளும் ஏதோ ஒன்றைச் செய்கின்றன. எப்படிச் செய்வது என்பதில்தான் தேர்வு இருக்கிறது. காவலரே கேட்டு எழுதலாம். நர்ஸ் உட்கார்ந்து கேட்கலாம். டாக்டர் எல்லோரையும் முழுதாகப் பார்க்கலாம். அல்லது முதல் நாள் கொஞ்சம், சில நாள் கழித்து மீதி என்று இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு சிறை நிர்வாகமோ அதற்குப் பொறுப்பான மருத்துவரோ இந்த நான்கில் எதை எடுப்பது?

முதலில் இந்தப் பரிசோதனை யாருக்காக என்று முடிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் இது கைதிக்காக வந்த ஏற்பாடே இல்லை. 1577இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஒரு விசாரணையில் கைதிகளிடமிருந்து 'சிறைக் காய்ச்சல்' பரவி, நீதிமன்றத்தில் இருந்தவர்கள் உட்பட சுமார் 300 பேர் செத்தார்கள் என்று சொல்வார்கள். 1750இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் அதே கதை நடந்தது. மேயரும் நீதிபதிகள் இருவரும் பலி. பேன் மூலம் பரவும் டைஃபஸ்தான் அந்தக் காய்ச்சல் என்று இன்று சொல்கிறோம். சிறைச் சுவர்களுக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், நோயாளிகளுக்குத் தனி அறை வேண்டும், மருத்துவர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று 1774இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஜான் ஹோவர்டு. ஊர் ஊராகச் சிறைகளுக்குள் போய்ப் பார்த்து எழுதிய மனிதர். 1790இல் கெர்சோனில் அவரும் டைஃபஸில்தான் இறந்தார் என்று குறித்து வைத்திருக்கிறார்கள்.

புதிதாக வருகிறவரிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்றுவது: இதுதான் பழைய நோக்கம். வருகிறவரையே காப்பாற்றுவது இரண்டாவது நோக்கம், பின்னால் வந்தது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்ல 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 30ஆவது விதி இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. உள்ளே வந்த ஒவ்வொருவரையும் மருத்துவரோ தகுதியுள்ள வேறு மருத்துவப் பணியாளரோ முடிந்தவரை சீக்கிரம் பார்க்க வேண்டும், பேச வேண்டும், பரிசோதிக்க வேண்டும். என்ன சிகிச்சை தேவை, வருவதற்கு முன் அடி உதை வாங்கியிருக்கிறாரா, தற்கொலை ஆபத்து உண்டா, போதையோ மருந்தோ நின்றதால் அவதிப்படுகிறாரா, தொற்று நோய் உண்டா என்று பார்க்கச் சொல்கிறது. 'டாக்டர்தான்' என்று விதி கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே நேரம் 'சீக்கிரம்' என்பதை விடவில்லை.

எந்த வழி நல்லது என்று அளக்க எனக்குத் தெரிந்த சரியான அளவுகோல் கடிகாரம். தினமும் அதிகமாகக் குடித்தவருக்குக் கடைசிக் குடிக்குப் பின் ஆறு மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கலாம். வலிப்பு வந்தால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள் தெரியாமல் உளறி, இல்லாததைப் பார்த்துப் பயந்து, காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை 48 மணி நேரத்துக்குப் பின் வரும். ஹெராயின் பழக்கம் உள்ளவருக்கு 8 முதல் 24 மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பிக்கும். அதனால் சாக மாட்டார் என்று பொதுவாகச் சொல்வார்கள். தண்ணீர்ச் சத்து வற்றிப்போகிறபடி விட்டுவிட்டால் அந்தப் பேச்சை நம்ப முடியாது. சிறு வயதிலிருந்தே இன்சுலினை நம்பி வாழும் சர்க்கரை நோயாளிக்கு ஒரு நாள் ஊசி தவறினாலே ரத்தத்தில் அமிலம் ஏறத் தொடங்கும். வலிப்பு மாத்திரையும் அப்படித்தான். ஆஸ்துமாக்காரரின் இன்ஹேலர் பெல்ட்டோடும் சாவியோடும் சேர்ந்து சொந்தப் பொருள் பைக்குள் போய், சீல் வைக்கப்பட்டு, ரசீதும் எழுதப்பட்டுவிடும். நள்ளிரவில் மூச்சு இழுக்கும்போது அந்தப் பை எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தற்கொலையும் இதே பட்டியலில் வரும். அமெரிக்காவின் உள்ளூர்ச் சிறைகளில் சாவுக்குத் தனிக் காரணங்களில் பல ஆண்டுகளாக முதலிடம் தற்கொலைக்குத்தான். கைதாகி உள்ளே வந்த முதல் நாட்கள்தான் அதிலும் மோசமானவை.

இவற்றில் லேபில் ரத்தம் கொடுத்துக் கண்டுபிடிக்க வேண்டியது எது? அநேகமாக ஒன்றுமில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவி போதும். மற்றதெல்லாம் கேட்டால் தெரியும், பார்த்தால் தெரியும். முதல் இரவில் ஆளைக் கொல்வது கேள்வியிலேயே அகப்படுகிறது. பரிசோதனைச் சாலை தேவைப்படும் நோய்கள் சில நாள் பொறுக்கும். நான்கு வழிகளையும் இதை வைத்துப் பார்ப்போம்.

காவலரே படிவம் நிரப்புவது மலிவான வழி, எப்போதும் கிடைக்கும் வழி. வாசலில் இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கிறார். ஏளனம் செய்யத் தேவையில்லை. அமெரிக்கச் சிறை மருத்துவத்துக்குத் தரம் வகுக்கும் தேசிய ஆணையமே, பயிற்சி பெற்ற காவல் பணியாளர் முதல் கட்டக் கேள்விகளைக் கேட்கலாம் என்று அனுமதிக்கிறது. வாரத்துக்கு நாலைந்து பேர் வரும் ஒரு சின்னக் கிளைச் சிறையில் ராத்திரிக்கு நர்ஸ் போட முடியாது என்பதும் நிஜம்.

ஆனால் சீருடை போட்டவர் கேட்கும்போது பதில் மாறிவிடுகிறது. "ஊசி போடுவீர்களா?" என்று காவலர் கேட்டால் அது அந்த மனிதரின் காதில் இன்னொரு வழக்காக விழும். "மனநல மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று வரிசையில் ஆறு பேர் கேட்கும்படி கேட்டால், நாளை அந்த ஆறு பேரோடு ஒரே கொட்டடியில் படுக்கப்போகிறவர் என்ன சொல்வார்? அவரைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.

காயங்களைக் குறிப்பது அதைவிடச் சிக்கல். முதுகில் தடித்துக் கிடக்கும் கோடுகளைப் பார்த்து, அவை கைதுக்கு முன் வந்தவையா பின் வந்தவையா என்று எழுத வேண்டிய ஆள் காவல் துறைக்கு உறவுக்காரராக இருக்கக் கூடாது. மண்டேலா விதிகளில் 34ஆவது விதியின்படி, சித்திரவதையின் அடையாளம் தெரிந்தால் மருத்துவப் பணியாளர் அதைப் பதிவு செய்து உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நேர்மையான சிறை அதிகாரிக்கும் இது பாதுகாப்புதான். உள்ளே வரும்போதே இருந்த காயம் தேதி, நேரம், அளவோடு எழுதப்பட்டிருந்தால் பழி அவர் தலையில் விழாது. அந்தப் படிவத்தை அவரே எழுதியிருந்தால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

இந்த வழியைத் தவிர வேறு வழியில்லாத சிறை இரண்டு காரியங்கள் செய்யலாம். காவலருக்கு முடிவு எடுக்கும் வேலையைக் கொடுக்காமல், இன்ன பதில் வந்தால் இன்ன எண்ணுக்கு உடனே போன் என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது ஒன்று. மற்றது, சிலரை வாசலிலேயே ஏற்றுக்கொள்ள மறுப்பது: நினைவு தப்பியவர், தலையில் அடிபட்டு வாந்தி எடுக்கிறவர், ரத்தம் நிற்காதவர், நெஞ்சு வலிக்காரர், கைதாகும்போது பொட்டலத்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் உள்ளவர். இவர்களை முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பார்த்து எழுதி வாங்கி வரச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவதை எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் வைத்துக்கொள்ள வேண்டும். கொண்டுவந்த போலீஸ்காரர் முகம் சுளிப்பார், ராத்திரி திரும்பவும் வண்டி ஓட்ட வேண்டுமே. சுளிக்கட்டும்.

இனி டாக்டர் வழி. கேட்பதற்கு இதுதான் மிகச் சிறந்தது போல இருக்கும்: ஒவ்வொருவரையும் முதல் நாளே டாக்டர் தலை முதல் கால் வரை பார்க்கிறார். அறிக்கையில் எழுத அழகாக இருக்கும், நீதிமன்றம் கேட்டால் காட்டலாம். நடைமுறையில் ஒரு டாக்டர், அறுபது பேர், இரண்டு மணி நேரம். ஆளுக்கு இரண்டு நிமிடம். சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப், நாக்கை நீட்டு, 'நல்ல உடல்நிலை' என்று முத்திரை. அந்த முத்திரையின் ஆபத்து என்னவென்றால், அதற்குப் பிறகு யாரும் அந்த மனிதரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காவலர் எழுதிய 'இல்லை'யைக் காலையில் வரும் நர்ஸ் சந்தேகப்படுவார். டாக்டர் போட்ட முத்திரையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இருபத்தைந்து வயது இளைஞரின் நெஞ்சிலும் வயிற்றிலும் கை வைத்துத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. அவரிடம் இருக்கும் ஆபத்து பழக்கத்திலும் மனதிலும் இருக்கிறது. மறுநாளைக்கு டாக்டர் வரும்வரை எல்லாரும் காத்திருப்பது என்று இந்த வழி இன்னொரு வடிவத்தில் பல இடங்களில் நடக்கும். அப்படியானால் கடிகாரத்தின் மிக மோசமான பன்னிரண்டு மணி நேரம் யாருக்கும் பொறுப்பில்லாமல் போகிறது. டாக்டரின் நேரம் விலை உயர்ந்தது. அதை எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டால் தேவைப்பட்டவருக்குக் கிடைக்காது.

நர்ஸ் உட்கார்ந்து கேட்கும் வழிக்கு வருகிறேன். கதவைச் சாத்தக்கூடிய ஒரு அறை, இரண்டு நாற்காலி, பிரஷர் கருவி, சர்க்கரைக் கருவி, தெர்மாமீட்டர். காவலர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கலாம், காதுக்கு எட்டும் தூரத்தில் வேண்டாம். ஆளுக்குப் பதினைந்து இருபது நிமிடம். இந்த வழியின் பலம் கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "குடிப்பீர்களா?" என்றால் பாதிப் பேர் தலையை ஆட்டி மறுப்பார்கள். "கடைசியாகக் குடித்தது எப்போது?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். "நேத்து காலையில" என்று பதில் வரும். அப்புறம் "காலையில எழுந்ததும் கை நடுங்குமா, ஒரு வாய் போட்டால்தான் நிக்குமா?" என்று கேட்டால் மீதியும் வந்துவிடும். "முன்னே எப்பவாவது குடிக்காம இருந்தப்போ வலிப்பு வந்திருக்கா?" என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு ஆமாம் என்றால் அன்றிரவே மருந்து தொடங்க வேண்டியவர் அவர். "சுகர் இருக்கா?" என்பதைவிட "தினமும் என்ன மாத்திரை, ஊசி? இன்னைக்குப் போட்டாச்சா?" என்பது மேல். கேட்டுக்கொண்டே இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னால் நடுக்கம் தெரியும். முழங்கை மடிப்பில் ஊசித் தழும்பு தெரியும். மணிக்கட்டில் பழைய வெட்டுத் தழும்புகள் வரிசையாகத் தெரிந்தால், தற்கொலையைப் பற்றிப் படிவத்தில் இருக்கும் கேள்வியை வேறு குரலில் கேட்கத் தோன்றும்.

கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணாக மாற்றவும் வழி இருக்கிறது. குடி நின்றதால் வரும் அவதியை அளக்க 10 அம்சம் கொண்ட ஒரு மதிப்பெண் பட்டியல், ஹெராயின் போன்றவற்றுக்கு 11 அம்சம் கொண்ட இன்னொன்று என்று உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மதிப்பெண் போட்டு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம். மனநலத்துக்கு, சிறைக்கென்றே அமெரிக்காவில் உருவாக்கிய எட்டுக் கேள்விப் படிவம் ஒன்று உண்டு. முடிக்க இரண்டு மூன்று நிமிடம். 2005இல் வெளியான சோதனையில் ஆண்களில் ஏறத்தாழ நான்கில் மூவரைச் சரியாக வகைப்படுத்தியது. பெண்களிடம் அதைவிட அதிகமாகத் தடுமாறியது. படிவம் 'இல்லை' என்று சொன்ன பெண்ணை நர்ஸின் கண் 'இரு, இன்னொரு தடவை பேசுவோம்' என்று நிறுத்தி வைப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

நர்ஸ் வழியின் குறை எங்கே என்றால், முதல் நாளோடு முடிந்துவிடுகிறது. அன்று இரவு வந்தவர் தூக்கமில்லாமல், பசியோடு, வெட்கத்தோடு, வீட்டில் யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாது என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் மஞ்சள் காமாலை எப்போது வந்தது, தடுப்பூசி போட்டீர்களா, பல் வலி உண்டா என்றெல்லாம் கேட்டால் கவனமே இருக்காது. நாலு நாள் கழித்து அதே ஆள் அதே கேள்விக்கு வேறு பதில் சொல்வார்.

இரண்டு கட்டமாகப் பிரிக்கும் வழி இந்தக் குறையிலிருந்துதான் பிறக்கிறது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்படித்தான். முதல் கட்டம் வந்த நாளிலேயே, அறைக்குள் அனுப்புவதற்கு முன்னால். இரண்டாவது கட்டம் ஏழு நாட்களுக்குள். அமெரிக்க ஆணையத்தின் தரம் உள்ளூர்ச் சிறைகளுக்கு இரண்டாவதற்கு 14 நாள் வரை தருகிறது. முதல் கட்டத்தில் உயிர் பிழைக்கத் தேவையானது மட்டும். இரண்டாவதில் பழைய நோய்கள், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, பல், கண் எல்லாம். டாக்டர் இதில் முதல் கட்டத்தில் நர்ஸ் பிரித்துக் கொடுத்தவர்களை மட்டும் பார்ப்பார். அறுபதில் எட்டுப் பேர் என்று வைத்துக்கொண்டால் அந்த எட்டுப் பேருக்கும் கால் மணி நேரம் கிடைக்கும்.

நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஆனால் இதன் ஓட்டையும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது கட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும். அன்றைக்கு அவருக்கு வாய்தா இருக்கும். அல்லது வேறு சிறைக்கு மாற்றியிருப்பார்கள். அல்லது காவலுக்கு ஆள் போதாமல் யாரையும் வெளியே விட்டிருக்க மாட்டார்கள். ஏழாம் நாள் எட்டாம் நாளாகி, பிறகு அவராக நோய் என்று சொல்லி வரும்வரை தள்ளிப்போகும். இதற்கு ஒரே மருந்து, இரண்டாம் கட்டம் முடியாதவர்களின் பெயர்ப்பட்டியல் தினமும் காலையில் மருத்துவப் பிரிவின் மேசையில் இருப்பது. நோயாளி பட்டியல் எல்லா இடத்திலும் இருக்கிறது. பார்க்கப்படாதவர்கள் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கட்டங்களைப் பிரித்தாலும், தொற்று நோய் விஷயத்தில் தனித்தனி முடிவுகள் தேவை. அதில் பெரியது காசநோய். கூட்டமாக, காற்றோட்டமில்லாத அறையில் படுக்கும் இடத்தில் ஒரே ஒருவரின் இருமல் பலரைப் படுக்கையில் தள்ளும். எதைக் கொண்டு தேடுவது? அறிகுறி கேட்பது செலவில்லாதது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா என்று மட்டும் கேட்டால் காசநோயாளிகளில் 42 சதவீதம் பேரைத்தான் பிடிக்க முடிகிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதாவது மாறுதல் தெரிகிறதா என்று பார்த்தால் 94 சதவீதம். பொது மக்களிடம் கிடைத்த கணக்கு அது. அறைத் தோழர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று இருமலை மறைக்கிற சிறையில் கேள்வியின் பலம் கூடுவதற்கு வழியில்லை. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு 48 முதல் 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளக்க வேண்டும். அதற்குள் பாதிப் பேர் ஜாமீனில் போயிருப்பார்கள். அது உடம்பில் கிருமி பதுங்கியிருப்பதைத்தான் காட்டும், பரப்புகிற நோய் இப்போது இருக்கிறதா என்று சொல்லாது. ரத்தத்தில் செய்யும் மாற்றுப் பரிசோதனைக்குத் திரும்பி வரத் தேவையில்லை, செலவு அதிகம், அதற்கும் இதே வரம்புதான்.

வரவும் போக்குமாக ஆள் மாறிக்கொண்டே இருக்கும் பெரிய சிறைக்கு எக்ஸ்ரே மேல். சிகாகோவின் குக் கவுண்டி சிறை போன்ற இடங்கள் எல்லோருக்கும் நுழைவிலேயே எக்ஸ்ரே என்று முப்பது ஆண்டுக்கு முன்பே போய்விட்டன. படத்தில் சந்தேகம் என்றால் சளியை மூலக்கூறுப் பரிசோதனைக்கு அனுப்பி, பதில் வரும்வரை தனி அறை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் படத்தைக் கணினியே படித்துச் சொல்லும் மென்பொருளையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிருப்பதால், படம் பார்க்கும் நிபுணர் இல்லையே என்ற தடை தளர்ந்திருக்கிறது. எக்ஸ்ரே எட்டாத சின்னச் சிறையில் அறிகுறிக் கேள்வி, எடை பார்ப்பது, சந்தேகம் வந்தால் சளி. எடை பார்க்கும் கருவி எல்லா இடத்திலும் இருக்கும். தேதி போட்டு எழுதி வைக்கத்தான் மறந்துவிடுகிறார்கள்.

எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி விஷயத்தில் முடிவு செய்ய வேண்டியது கருவியை அல்ல, வாசகத்தை. "வேண்டுமானால் டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாம்" என்றால் கை தூக்குகிறவரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். "இங்கே வருகிற எல்லோருக்கும் எடுப்போம், வேண்டாம் என்றால் சொல்லுங்கள்" என்றால் கூச்சம் போய்விடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006இல் எச்ஐவிக்கு இந்த இரண்டாவது முறையைப் பரிந்துரைத்தது. இங்கிலாந்துச் சிறைகளில் 2014 முதல் ரத்தத்தால் பரவும் மூன்று வைரஸ்களுக்கும் இதுவே முறையாக வரத் தொடங்கியது. கட்டாயப் பரிசோதனை என்ற மூன்றாவது வழியும் பேச்சில் அடிபடும். நான் அதை ஒதுக்கியே வைப்பேன். கட்டாயமாக எடுத்த முடிவு காவலர் அறைக்குக் கசிந்து, அந்த மனிதரின் தட்டை யாரும் தொடாமல் ஒதுக்கிவைப்பதில்தான் முடியும்.

விலகும் உரிமையோடு எடுப்பதிலும் ஒரு ஏமாற்று வழி இருக்கிறது. "வேண்டாம்" என்று சொல்ல முடியும் என்பதையே சொல்லாமல் விட்டுவிடுவது. பூட்டிய இடத்தில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் இரவில் கேட்டால் எதற்கும் தலையாட்டுவார்கள், அல்லது எதற்கும் மறுப்பார்கள். அதனால் இதை இரண்டாம் கட்டத்தில் வைப்பதுதான் முறை, மறுத்தவரிடம் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை கேட்கலாம். ஹெபடைட்டிஸ் சி இன்று 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்களுக்குக் குணமாகும் நோய். அதைச் சொல்லிவிட்டுக் கேட்டால் பதில் மாறும்.

அதற்கு முன்னால் நிர்வாகம் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது: கண்டுபிடித்தால் மாத்திரை தருவோமா? தர முடியாத நோயைத் தேடுவதைவிட, அந்தப் பணத்தில் முதல் இரவுக்கு ஒரு நர்ஸை வைக்கலாம். ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் மருந்துகளுக்கும் அதே கணக்குதான். வெளியே முறையாகச் சிகிச்சையில் இருந்து அந்த மருந்தைச் சாப்பிட்டு வந்தவர் என்று முதல் கட்டத்தில் தெரிகிறது, பிறகு அதை நிறுத்திவிடுகிறோம் என்றால், கேட்டதால் அவருக்கு என்ன லாபம்?

பெண்கள் வருகிற சிறையில் கர்ப்பப் பரிசோதனையைக் கட்டாயமாக்காமல் எல்லோருக்கும் முன்வைக்க வேண்டும். பெண் கைதிகளுக்கான ஐ.நா.வின் 2010ஆம் ஆண்டு பாங்காக் விதிகளில் 8ஆவது விதி, கருத்தரிப்பு பற்றிய தன் வரலாற்றைச் சொல்லாமல் இருக்கவும் அதற்கான பரிசோதனைக்கு உட்படாமல் இருக்கவும் பெண்ணுக்கு உரிமை உண்டு என்கிறது. பெண் நர்ஸ் வேண்டும் என்று கேட்டால் முடிந்தவரை ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டில் பால் குடிக்கும் குழந்தை இருக்கிறதா என்ற கேள்வி நான் பார்த்த படிவம் எதிலும் இல்லை. மறுநாள் காலையில் மார்பில் பால் கட்டி, காய்ச்சலோடு வரும்போதுதான் தெரியும்.

எழுதியதை யார் படிக்கலாம் என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். மருத்துவக் கோப்பு மருத்துவப் பிரிவில் மட்டும். காவலருக்குத் தெரிய வேண்டியது ஒரு துண்டுச் சீட்டு அளவுதான்: இவரைத் தனியாகப் படுக்க வைக்காதீர்கள், இவருக்குக் கீழ்ப் படுக்கை, இவருடைய இன்ஹேலர் இவர் கையிலேயே இருக்கட்டும், இவரை இரவில் அரை மணிக்கு ஒரு தடவை பாருங்கள். என்ன நோய் என்று அதில் எழுத வேண்டியதில்லை. கீழ்ப் படுக்கை ஏன் என்று காவலருக்குத் தெரியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. மேல் படுக்கையில் வலிப்பு வந்தால்தான் குடி முழுகும்.

சரி, ஒரு சிறையைக் கையில் கொடுத்து இப்போது முடிவு செய் என்றால்? ஒரு நாளைக்கு ஐம்பது நூறு பேர் வரும் இடமானால் மாலை முதல் நள்ளிரவு வரை வாசலில் இரண்டு நர்ஸ், போனில் ஒரு டாக்டர், நுழைவிலேயே எக்ஸ்ரே, ஏழு நாளுக்குள் இரண்டாம் கட்டம். வாரத்துக்கு ஐந்து பேர் வரும் இடமானால் பயிற்சி பெற்ற காவலர், பத்துக் கேள்வி, கதவுள்ள அறை, சர்க்கரைக் கருவி, போன் எண், மறுநாள் காலையில் தவறாமல் வரும் நர்ஸ். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் லேபை விட்டுவிட்டு மாலை நேர நர்ஸை எடுப்பேன். அந்த நர்ஸ் கேட்பதை யாரும் ஒட்டுக்கேட்காத ஒரு அறையும் வேண்டும். அந்த அறை பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும். பழைய பதிவேடுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள்.

பெரும்பாலானோர் சில நாட்களில் வெளியே போய்விடும் சிறையானால் இன்னொரு கேள்வியை முதல் நாள் படிவத்திலேயே சேர்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுப்போம், வியாழக்கிழமை ஜாமீன் வரும், சனிக்கிழமை ரிசல்ட் வரும். அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு யாரைத் தேடுவது என்று நான் பலமுறை நின்றிருக்கிறேன். "நீங்கள் இங்கே இல்லாதபோது உங்கள் ரிசல்ட்டை உங்களிடம் மட்டும் சொல்ல எந்த எண்ணுக்கு போன் போடலாம்?" அதைக் கேட்டு, எண்ணைத் திரும்பப் படித்துக் காட்டிச் சரிபார்த்துவிட்டு, பிறகு ஊசியைக் கையில் எடுக்கலாம்.